வை-ஃபை மட்டும் வரவில்லை

பழைய லேப்டாப்பில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டவர்கள் பலர் சொல்லும் புகார் ஒன்றுதான்: திரை வருகிறது, கீபோர்டு, சவுண்டு எல்லாம் சரி, வை-ஃபை மட்டும் வரவில்லை. பழி லினக்ஸ் மேல் விழும். பெரும்பாலும் அது வீண்பழி.

கணினியின் பிசிஐ தடத்தில் இணைந்திருக்கும் ஒவ்வொரு சாதனமும் தன்னிடம் இரண்டு எண்களை வைத்திருக்கிறது. ஒன்று தயாரித்த கம்பெனியைச் சொல்லும், இன்னொன்று மாடலை. லினக்ஸ் டெர்மினலில் ‘எல்எஸ்பிசிஐ -என்என்’ என்ற கட்டளையைக் கொடுத்தால் அந்த எண்கள் வரிசையாக வந்து நிற்கும். இன்டெல்லின் கம்பெனி எண் 8086. 1978-ல் அவர்கள் வெளியிட்ட புகழ்பெற்ற சில்லின் பெயரும் அதுவே. தற்செயல் என்று நம்ப மனம் வரவில்லை. சாதனத்தை இயக்கும் நிரலான டிரைவர் ஒவ்வொன்றும் தனக்குத் தெரிந்த எண்களின் பட்டியலோடு வருகிறது. கணினி எழும்போது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், சாதனத்தின் எண்ணைப் பட்டியல்களோடு ஒப்பிட்டு, பொருந்தும் டிரைவரிடம் அதை ஒப்படைக்கிறது. எந்தப் பட்டியலிலும் எண் இல்லையென்றால் சில்லுக்கு மின்சாரம் போகும், வேலை நடக்காது.

அந்த டிரைவரை எழுதுவது யார்? விண்டோஸுக்கு என்றால் தயாரிப்பாளரே எழுதிக் கொடுத்துவிடுவார். சந்தை அங்கே இருக்கிறது. லினக்ஸ் கெர்னலிலும் பாதிக்கு மேல் டிரைவர் நிரல்தான். அதில் கணிசமான பங்கை இன்டெல் போன்ற கம்பெனிகளே எழுதித் தருகின்றன. ஆனால் சில்லின் உள்விவரத்தை வெளியே சொல்லாத கம்பெனிகளும் இருந்தன. பிராட்காம் அவற்றில் ஒன்று. அதன் வை-ஃபை சில்லுகளோ ஏராளமான லேப்டாப்புகளில் இருந்தன.

அவற்றுக்கு லினக்ஸ் டிரைவர் எழுத முன்வந்த தன்னார்வலர்கள் இரண்டு அணியாகப் பிரிந்தார்கள். ஓர் அணி பிராட்காமின் டிரைவரைப் பிரித்து மேய்ந்து, சில்லிடம் எதை எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்று வெறும் விவரக் குறிப்பாக எழுதியது. அந்த டிரைவரைக் கண்ணாலும் பார்க்காத மறு அணி, குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு புதிதாக நிரல் எழுதியது. நகலெடுத்தார்கள் என்று யாரும் வழக்குப் போட முடியாதபடி இந்த ஏற்பாடு. 2006-ல் அந்த டிரைவர் கெர்னலில் சேர்ந்தது.

அப்போதும் தீரவில்லை. சில்லுக்குள்ளேயே ஓடும் ஃபர்ம்வேர் என்ற சிறு நிரல் பிராட்காமின் சொத்து. லினக்ஸோடு சேர்த்து விநியோகிக்க அனுமதி இல்லை. பிராட்காமின் டிரைவர் கோப்பிலிருந்து அதைப் பயனரே வெட்டி எடுத்துக்கொள்ள ஒரு கருவி எழுதினார்கள். பெயரே ‘கட்டர்’ என்றுதான் முடியும். 2010-ல் பிராட்காமே மனமிறங்கித் தன் புதிய சில்லுகள் சிலவற்றுக்குத் திறமூல டிரைவர் வெளியிட்டது.

மென்பொருள் பக்கமும் இதே கதைதான். விண்டோஸ் செயலி ஒன்று “ஒரு ஜன்னலைத் திற” என்று விண்டோஸிடம் கேட்கும்போது, ஒயின் என்ற மென்பொருள் குறுக்கே நின்று லினக்ஸ் வழியில் அதைச் செய்து கொடுக்கிறது. 1993-ல் தொடங்கிய வேலை, 1.0 பதிப்பு வர 2008 ஆனது. விண்டோஸின் மூல நிரலைப் பார்த்தவர்கள் எழுதும் நிரலை அந்தத் திட்டம் ஏற்பதில்லை. அவ்வளவு பாடுபட்டும் எல்லாச் செயலியும் ஓடிவிடாது. அலுவலகக் கணக்கு மென்பொருளை நம்பிப் பிழைப்பவர் முதலில் அதைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

வன்பொருளைச் சோதிப்பது சுலபம். பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். வட்டில் எதுவும் மாறாது. வை-ஃபைக்கு ஃபர்ம்வேர் வேண்டும், அதை இறக்க இணையம் வேண்டும் என்ற சிக்கலில் மாட்டினால், ஆண்ட்ராய்டு போனை கேபிளில் செருகி யுஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். அதற்கான டிரைவர் கெர்னலோடு வருகிறது.