கராமாவிலிருந்து வந்த இறுவட்டு ஏன் ஓடவில்லை?

புலம்பெயர்ந்த எம்மவர் வீடுகளில், சுவாமிப் படத்தட்டின் கீழோ குளிர்கால உடுப்புகள் வைக்கும் பெட்டியின் அடியிலோ ஒரு பொலித்தீன் பை இருக்கும். அதனுள்ளே பத்துப் பதினைந்து இறுவட்டுகள். ஒன்றின்மேல் அக்காவின் கலியாணம், இன்னொன்றின்மேல் அப்பாவின் அந்தியேட்டி, வேறொன்றின்மேல் கோயிற்றேர் என்று பேனையால் எழுதியிருக்கும். இவற்றுட் பல ஊரிலே படம்பிடிக்கப்பட்டு, வளைகுடாவில் தொழில் பார்த்த உறவினர் ஒருவரின் கணனியிற் படியெடுக்கப்பட்டு, அங்கிருந்து இலண்டனுக்கும் பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் அனுப்பப்பட்டவை. இன்று அவற்றை எடுத்துப் போட்டால் ஓடுவதில்லை. பழுதாகிவிட்டது என்று குப்பையிற் போட்டுவிடுகின்றனர். அவற்றுட் கணிசமானவை பழுதானவை அல்ல என்பதே இங்கு நாம் கூற விழைவது.

டுபாயின் கராமாவை அறியாத வளைகுடாத் தமிழர் இலர். 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் ஐக்கிய அரபு அமீரகம் கையொப்பமிடவில்லை. எனவே எம்மவர்க்கு அது தஞ்சம் கோரும் இடமாக ஒருபோதும் இருந்ததில்லை. வேலை விசாவில் வந்து தங்கும் இடமாகவோ, வேறொரு நாட்டுக்குப் போகும் வழியில் மூச்சுவிடும் இடமாகவோ இருந்தது. தாழ்ந்த அடுக்குமாடிகளில் ஓர் அறையைப் பலர் பகிர்ந்து வாழ்ந்தனர். அந்த அறைகளுக்குள்ளேதான் 2000ஆம் ஆண்டையடுத்த காலத்தில் இறுவட்டு எழுதும் கணனிகள் வந்துசேர்ந்தன. பக்கத்திலேயே பர்டுபாயின் காலித் பின் அல் வலீத் வீதி. மன்கூல் வீதியில் அல் ஐன் சென்றர். இரண்டும் கணனிக் கடைகளுக்குப் பெயர்பெற்றவை. ஐம்பது வெற்றுத்தட்டுகளை ஒரு தண்டிற் கோத்து விற்ற அடுக்கொன்றை வாங்கி வந்தால் ஊர் முழுவதற்கும் கலியாணப் படம் அனுப்பலாம். அமீரகத்தில் வீட்டு வாசலுக்குத் தபால் வரும் வழக்கம் இருக்கவில்லை. தபாற்பெட்டி இலக்கமே முகவரி. நிறுவனத்தின் பெட்டிக்கு வந்த இறுவட்டு அறைக்கு வந்து, படியாகி, மறுபடியும் உறையிலேறிக் கடல் கடந்தது. மின்சாரமற்ற 1990களின் யாழ்ப்பாணத்திற் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட எம்மவர்க்கு இது பெரிய வித்தையாகவும் படவில்லை.

ஓடாத இறுவட்டு கையிலிருந்தால் முதலில் அறியவேண்டியது, அது எங்கே ஓடவில்லை என்பதே. கணனியில் ஓடித் தொலைக்காட்சியோடு இணைத்த பெட்டியில் ஓடவில்லையாயின் தட்டிற் குறையில்லை. அமீரகம், இலங்கை, இங்கிலாந்து ஆகியன ‘பால்’ எனும் ஒளிபரப்பு முறையைப் பின்பற்றியவை. (பசும்பால் அன்று; அம்முறையின் பெயரே அது.) கனடாவும் அமெரிக்காவும் ‘என்.ரி.எஸ்.சி.’ முறையைப் பின்பற்றியவை. முன்னையதில் ஒரு சட்டகத்துக்கு 625 வரிகள், வினாடிக்கு 25 சட்டகங்கள். பின்னையதில் 525 வரிகள், வினாடிக்கு ஏறத்தாழ 30 சட்டகங்கள். கராமாவிற் பால் முறையில் எழுதிய படத்தை ரொறன்ரோவிலுள்ள பழைய பெட்டியில் இட்டால் படம் உருளும், அல்லது நிறமிழக்கும், அல்லது தட்டையே ஏற்க மறுக்கும். கணனிக்கு இவ்வேறுபாடு பொருட்டன்று.

இதனோடு பலர் குழப்பிக்கொள்வது வலயக் குறியீடு. கடையில் விற்கும் திரைப்பட டி.வி.டி.களில் வட அமெரிக்காவுக்கு 1, ஐரோப்பாவுக்கும் மத்திய கிழக்குக்கும் 2, இந்திய உபகண்டத்துக்கு 5 எனப் பூட்டு உண்டு. வீட்டில் எழுதிய கலியாணத் தட்டுக்குப் பொதுவாக அப்பூட்டு இல்லை. ஆதலால் அதற்காகக் கணனியின் வலயத்தை மாற்றிக்கொண்டிருப்பது வீண். அம்மாற்றத்துக்கும் ஐந்து முறையே இடமுண்டு. ஐந்தாவது மாற்றத்தோடு அது நிலையாகப் பூட்டிக்கொள்ளும்.

புதிய மடிக்கணனியில் டி.வி.டி. ஓடவில்லை என்பவர்கள் இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு டி.வி.டி. படத்தை இயக்கும் வசதி விண்டோசோடு இயல்பாக வருவதில்லை. வி.எல்.சி. எனும் இலவச மென்பொருளை நிறுவினாற் போதும். பாரிஸ் நகர்சார் உயர்கல்லூரியொன்றின் மாணவர்கள் 1996இல் தொடங்கிய முயற்சியில் விளைந்த மென்பொருள் அது. பாதித் தட்டுகள் இதனோடு ‘குணமாகி’விடுவதை நாம் கண்டிருக்கிறோம்.

வெறுமையாகக் காட்டும் தட்டு

அடுத்த முறைப்பாடு மிகுந்த துயரந் தருவது. தட்டை இட்டதும், இதில் ஒன்றுமில்லை, வடிவமைக்கவா என்று கணனி கேட்கும். ஒருபோதும் ‘ஆம்’ என்று சொல்லக்கூடாது. மீளெழுதக்கூடிய தட்டாயின் அந்த ஒரு சொடுக்கில் உள்ளதும் போய்விடும். தட்டை வெளியே எடுத்து, அதன் அடிப்பக்கத்தை விளக்கொளியிற் சரித்துப் பார்க்கவும். எழுத்து நடுவிலிருந்து வெளிப்புறமாகவே செல்லும். எழுதிய பகுதியும் எழுதாத பகுதியும் சற்றே வேறுபட்ட நிறத்தில் இரு வளையங்களாகத் தெரியும். உள்வளையம் தெரிந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று நம்பலாம்.

பின் ஏன் வெறுமையாகத் தோன்றுகிறது? எழுதி முடித்தபின் தட்டை ‘மூடுதல்’ என்றொரு கடைசிப் படி உண்டு. அப்பொழுதுதான் பிற கருவிகளுக்குப் புரியும்வண்ணம் பொருளடக்கம் எழுதப்படுகிறது. சிறிய தட்டிற் பதிவுசெய்த கையடக்கப் படக்கருவிகளிலும், தொலைக்காட்சியோடு இணைத்த பதிவுக் கருவிகளிலும் இப்படியை மறந்தோர் மிகப் பலர். பதிந்த கருவி இன்னும் உயிரோடிருந்தால் அதிலேயே தட்டை இட்டு மூடச் செய்வது உத்தமம். இல்லையேல் ‘ஐசோபஸ்ரர்’ போன்ற மீட்பு மென்பொருள்கள் மூடாத தட்டையும் வாசிக்கவல்லவை.

கணனியில் எழுதிய தட்டிலும் இதே பொறி உண்டு. விண்டோஸ் 7 முதலானவற்றில் வெற்றுத்தட்டை இட்டதும் இரு தெரிவுகள் தோன்றும். ஒன்று, யு.எஸ்.பி. துண்டைப்போலப் பாவிப்பது. மற்றது, சி.டி., டி.வி.டி. இயக்கிகளுக்கென எழுதுவது. முன்னையது வசதியானது, எப்பொழுதும் சேர்க்கலாம், நீக்கலாம். ஆனால் அப்படி எழுதியது பிறர் வீட்டுப் பெட்டியில் ஓடாதிருக்கவே வாய்ப்பு அதிகம். ஊருக்கு அனுப்பும் தட்டு எப்பொழுதும் பின்னைய முறையில் எழுதப்படல் வேண்டும்.

வெறும் கோப்பாகப் படத்தை ஏற்றிவிட்டு, டி.வி.டி. பெட்டியில் ஓடவில்லை என்று நோவதும் உண்டு. பழைய பெட்டி ‘வீடியோ ரி.எஸ்.’ என்ற உறையையும் அதனுள் வரையறுத்த கோப்புகளையுமே தேடும். அவ்வமைப்பை உண்டாக்கும் மென்பொருளால் ஆக்கினாலன்றி அது திரும்பியும் பாராது.

வி.சி.டி. பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளின் கலியாணங்கள் பெரும்பாலும் அதிலேயே உள்ளன. 700 மெகாபைற் கொள்ளும் தட்டில் 80 நிமிடப் படம் அடங்குவதற்காக, சாதாரணத் தரவுத்தட்டில் உள்ள மேலதிகப் பிழைதிருத்த அடுக்கு இம்முறையில் விடப்பட்டது. காட்சியில் ஒரு புள்ளி சிதைந்தாற் பெரிய நட்டமில்லை எனக் கருதினர் போலும். விளைவு, சிறு கீறலுக்கும் படம் கட்டங்கட்டமாக உடையும். ‘எம்பெக் ஏவி’ எனும் உறையில் ‘டாட்’ என்று முடியும் பெரிய கோப்பே முழுப் படமும். அதைச் சாதாரணமாகப் படியெடுக்கையில் நடுவிற் பிழை காட்டி நின்றுவிட்டாற் கைவிட வேண்டாம். வி.எல்.சி. மூலமோ மீட்பு மென்பொருள் மூலமோ எடுத்தால், சிதைந்த இடங்களைத் தாண்டி மிகுதி கிடைக்கும்.

வெயிலும் ஒட்டுத்தாளும்

கடையில் வாங்கும் பாட்டுத்தட்டு அச்சிற் பொறிக்கப்படுவது. நாம் எழுதும் தட்டோ ஒரு சாயப் படலத்தை ஒளிக்கற்றையாற் சுட்டு எழுதப்படுவது. சாயமாதலால் வெயிலும் வெப்பமும் அதற்குப் பகை. கோடையில் 45 பாகையை எட்டும் டுபாயில், சன்னலோரத்தில் வைத்த தட்டும் நிறுத்திய வாகனத்துள் விட்ட தட்டும் என்னாகும் என்று விளக்கத் தேவையில்லை. கட்டிலின்கீழ்ப் பெட்டியில் இருளிற் கிடந்தவை பிழைத்திருக்கின்றன.

மேற்பக்கம் பத்திரம் என்றெண்ணிக் குமிழ்முனைப் பேனையால் அழுத்தி எழுதுவது பெருங்கேடு. சி.டி.யில் தரவு இருப்பது அடிப்பக்கத்திலன்று. பெயர் எழுதும் மேற்பக்கத்து மெல்லிய பூச்சின் கீழே. அடியில் விழும் கீறலைப் பலவேளை மினுக்கிச் சரிசெய்யலாம், மேலே விழுந்தால் அங்கிருந்தது போயிற்று. டி.வி.டி.யில் இரு மெல்லிய தட்டுகளுக்கிடையே தரவு இருப்பதால் இவ்வகையில் அது உறுதியானது. மணமக்களின் படம் அச்சிட்ட வட்டமான ஒட்டுத்தாள் அழகுதான். ஆயினும் அது உலர்ந்து ஒருபுறம் கிளம்பினால் தட்டு சுழலும்போது தள்ளாடும்; பிய்க்க முற்பட்டால் பூச்சும் சேர்ந்து வரும். 2003இல் அமெரிக்கத் தேசிய நியமங்கள் தொழினுட்ப நிறுவகம் வெளியிட்ட பராமரிப்பு வழிகாட்டியும் ஒட்டுத்தாளைத் தவிர்க்கவே சொல்கிறது. ஏற்கெனவே ஒட்டியிருந்தால் கைவைக்காது, அப்படியே மெதுவான வேகத்தில் வாசிப்பித்துப் படியெடுக்கவும்.

அழுக்கை மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்கவும். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தின் வழியே நீண்டு திருத்தமுடியாததாகும். பற்பசை பூசும் கைமருந்து எம்மவரிடையே பரவலானது. நாம் அதை விரும்புவதில்லை, ஒரேயொரு பிரதி உள்ள தட்டில் நிச்சயமாக வேண்டாம். கனடாக் குளிரில் தபாலில் வந்த தட்டை உடனே இயக்கியில் இடாது, ஈரம் படர்ந்து உலரும்வரை அறையில் ஒரு மணிநேரம் வைத்திருக்கவும். வெடிப்புள்ள தட்டை வேகமான இயக்கியில் இடவே கூடாது. உள்ளே நொறுங்கும்.

ஓர் இயக்கி வாசிக்க மறுத்ததை இன்னொன்று வாசிக்கும். ஆகவே இரண்டு மூன்று கணனிகளில் முயன்று பார்த்தபின்னரே முடிவுக்கு வரவும். வாசிக்கும் இயக்கி கிடைத்ததும் படத்தை ஓடவிட்டுப் பார்க்கும் ஆவலை அடக்கி, முதலில் முழுத்தட்டின் ‘படிமம்’ ஒன்றை வன்தட்டில் எடுத்துக்கொள்ளவும். ‘டிடிரெஸ்கியூ’ எனும் இலவசக் கருவி, நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டுக் கெட்ட பகுதிகளுக்குப் பின்னர் திரும்பத் திரும்ப வரும். இரவு முழுவதும் ஓடட்டும்.

புதிதாக எழுதுவோருக்கு ஒன்று சொல்லலாம். அட்டையில் அச்சிட்ட உச்ச வேகத்தில் எழுதாது, இடைப்பட்ட வேகத்தைத் தெரிந்து, எழுதியபின் சரிபார்க்கும் தெரிவையும் இடவும். தரவு வருவது தடைப்பட்டுத் தட்டு பாழாகும் பழைய தொல்லை, 2000ஆம் ஆண்டளவில் வந்த பாதுகாப்பு முறைகளால் பெரிதும் நீங்கிவிட்டது. எனினும் எழுதும்போது கணனி உறக்கத்துக்குச் செல்லாதவாறு பார்த்துக்கொள்ளவும்.

தஞ்சக் கோரிக்கைக்கு ஆதாரமாக இறுவட்டு வைத்திருப்போர் கூடுதற் கவனம் கொள்ளல் வேண்டும். எரிந்த வீட்டின் படம், காணாமற்போனவர் கலந்துகொண்ட நிகழ்வு, வைத்தியசாலைப் பதிவு ஆகியன அந்த ஒரே தட்டில் இருக்கக்கூடும். மூலத்தை எவரிடமும் கொடுக்காது பிரதியையே கொடுப்பதும், மூலத்தை எப்பொழுது காட்டுவதென்பதைச் சட்டத்தரணியிடம் கேட்டறிவதும் நன்று. கோப்புகளை ஒவ்வொன்றாக வன்தட்டுக்கு இழுத்தால், உருவாக்கிய திகதியாகப் படியெடுத்த நாளே பதியும். முழுத்தட்டின் படிமத்தில் பழைய திகதிகள் அப்படியே இருக்கும். வந்த தபாலுறையையும் முத்திரையோடு பேணவும். அறிமுகமற்ற கடையில் இத்தகைய தட்டைக் கொடுத்துத் திருத்தச் சொல்வது உசிதமன்று. உள்ளிருப்பதைக் கடைக்காரரும் பார்ப்பார். தட்டிலுள்ள கடிதங்கள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால் அஞ்ச வேண்டாம். அவை பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டவை. அவ்வெழுத்துருவை நிறுவினாலோ ஒருங்குறிக்கு மாற்றினாலோ தமிழ் திரும்பிவிடும்.

இவற்றுக்கெல்லாம் அவகாசம் குறைந்துவருகிறது. புதிய மடிக்கணனிகள் பெரும்பாலும் தட்டியக்கி இன்றியே வருகின்றன. எழுதக்கூடிய புளூரே தட்டுகளின் உற்பத்தியைச் சோனி நிறுவனம் 2025 பெப்ரவரியில் நிறுத்திக்கொண்டது. வெளியே இணைக்கும் யு.எஸ்.பி. இயக்கியொன்று குடும்பத்துக்கு ஒன்று இருந்தாற் போதும், உறவினர் வீடுகளுக்கும் சுற்றலாம். எடுத்த படிமங்களை இரு வன்தட்டுகளிற் பதிந்து, ஒன்றை வேறொரு நாட்டிலுள்ள உடன்பிறப்பிடம் வைத்திருக்கவும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றிற் பலவற்றுக்கு வேறெங்கும் பிரதி இருக்கவில்லை. 2005 முதல் இயங்கும் நூலகம் மின்னூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் ஆவணப்படுத்தி வருகிறது. ஊர்த் திருவிழா, பாடசாலை விழா, நாடகம் போன்ற பொதுநிகழ்வுப் பதிவுகள் கைவசமுள்ளோர் அத்தகைய அமைப்புகளோடு தொடர்புகொள்ளலாம்.

மீட்ட படத்தை முதன்முறை ஓடவிடும்போது வீட்டிலுள்ள மூத்தவரை அருகில் இருத்திக்கொள்ளவும். மொய் எழுதும் மேசையில் இருப்பவர் யார், பந்தலின் மூலையிற் குழந்தையோடு நிற்பவர் யார், அந்த வீடு எவருடையது என்று அவர் சொல்லச் சொல்ல, நிமிடக் கணக்கோடு ஒருங்குறித் தமிழிலே தட்டச்சிட்டு, படம் இருக்கும் உறையிலேயே அக்கோப்பையும் சேமிக்கவும்.