கழுநீரும் வடிகஞ்சியும்

"கஞ்சிக்கு வழியில்லை" என்று வறுமையைக் குறிப்பிடுவது நம் வழக்கம். அதனாலோ என்னவோ, கஞ்சி என்றாலே ஏழையின் உணவு என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. குக்கர் வந்தபின் பல வீடுகளில் சோறு வடிக்கும் வழக்கமும் குறைந்துவிட்டது. வடிக்கும் வீடுகளிலும் அது பெரும்பாலும் சாக்கடைக்கே போகிறது. அரிசியிலிருந்து நமக்குக் கிடைக்கும் நீர் இரண்டு வகை. ஒன்று அரிசி கழுவிய நீராகிய கழுநீர். மற்றொன்று சோறு வடித்த கஞ்சி. இவ்விரண்டின் பயனையும் இங்கே காண்போம்.

கழுநீர்

அரிசியைக் கல், உமி நீக்கி முதல் முறை கழுவும்போது தூசியும் தவிடும் கலந்து வரும். அந்நீரைச் செடிகளுக்கு ஊற்றலாம். மாடு உள்ள வீட்டில் கழுநீர்ப் பானையில் சேர்க்கலாம். அடுத்த முறை கழுவும் நீரே சமையலுக்கு ஏற்றது. செட்டிநாட்டில் வெண்டைக்காய் மண்டி என்னும் குழம்பு வைப்பார்கள். புளியை இந்தக் கழுநீரில் கரைத்து ஊற்றுவதால்தான் தேங்காயும் பருப்பும் இல்லாமலே அது கெட்டியாகிறது. அரிசியின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் மாவுப்பொருள் கொதிக்கும்போது குழம்பைத் தடிக்கச் செய்வதே இதற்குக் காரணம்.

அரிசியை அழுத்தித் தேய்த்து ஐந்தாறு முறை கழுவுவது நல்லதன்று. நீரில் எளிதில் கரையும் பி1 என்னும் வைட்டமின் கழுநீரோடு வெளியேறிவிடும். நம் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையத்தில் அய்க்ராய்ட் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் அரிசி பற்றிய ஆய்வுகளை 1940இல் வெளியிட்டனர். தீட்டிய பச்சரிசியைக் கழுவும்போது இச்சத்து பெரிதும் குறைகிறது என்பதும், புழுங்கல் அரிசியில் அவ்வளவு குறைவதில்லை என்பதும் அவற்றால் தெளிவாயின. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. இந்நிலையம் 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது.

வடிகஞ்சி

ஒரு டம்ளர் அரிசிக்கு ஆறு முதல் எட்டு டம்ளர் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட வேண்டும். உலை கொதித்ததும் அரிசியைப் போட்டு, இடையிடையே கிளறிவிட வேண்டும். ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியாமல் மசிய வேண்டும். அதுவே வடிக்கும் பக்குவம். வடிதட்டை மூடி, துணியால் பிடித்துக்கொண்டு பானையைச் சாய்க்க வேண்டும். கொதிக்கும் கஞ்சி கையில் பட்டால் கடுமையாகச் சுடும். ஆதலால் சிறுமியர் இதைத் தனியே செய்யக் கூடாது.

சூடேறும்போது அரிசியின் மாவுமணிகள் நீரை உறிஞ்சிப் பருத்து வெடிக்கின்றன. வெளிவரும் மாவுப்பொருள் நீரில் கலப்பதால் கஞ்சி வழவழப்பாகிறது. இளஞ்சூட்டில் உப்பும் சிறிது மோரும் சேர்த்துக் குடித்தால் களைப்பு நீங்கும்; வடித்ததில் வெளியேறிய சத்தில் ஒரு பகுதியும் திரும்பக் கிடைக்கும்.

துணிக்குக் கஞ்சி

நம் சீருடையின் வெள்ளைத் துணி மொடமொடவென்று நிற்பதற்குக் கடைப் பொடி தேவையில்லை. உப்புச் சேராத வடிகஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டி, மூன்று பங்கு தண்ணீரில் கரைக்க வேண்டும். வெள்ளைத் துணியானால் சில சொட்டு நீலமும் சேர்க்கலாம். அலசிய துணியை இதில் முழுதும் நனைத்துப் பிழிந்து, உட்புறம் வெளியே வரும்படி திருப்பி உலர்த்த வேண்டும். சற்று ஈரமிருக்கும்போதே இஸ்திரி போட்டால் சுருக்கம் இராது. விடுமுறைக்குப் பெட்டியில் வைக்கும் துணிக்கு மட்டும் கஞ்சி போடக் கூடாது. கரப்பானும் இராமபாணப் பூச்சியும் கஞ்சியைத் தேடி வந்து துணியை அரித்துவிடும்.

உயிர் காக்கும் கஞ்சி

நான் ஆறாம் வகுப்பில் படித்தபோது, என் மாமாவின் ஒன்றரை வயது மகனுக்குக் கடும் வயிற்றுப்போக்கு ஏற்பட்டது. "தண்ணீரே கொடுக்காதீர்கள், வயிறு தானாக ஓயும்" என்றனர் அண்டை வீட்டார். என் அம்மாச்சி யார் பேச்சையும் கேட்கவில்லை. வடிகஞ்சியில் உப்பிட்டு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கரண்டி கரண்டியாகப் புகட்டினார். பேருந்தில் மருத்துவமனைக்குச் செல்லும் வழியெல்லாம் புகட்டிக்கொண்டே வந்தார். "என்ன கொடுத்தீர்கள், பாட்டி?" என்று கேட்ட செவிலியர், "நல்ல வேலை செய்தீர்கள்" என்றார். அன்றிரவுதான் அம்மாச்சி எங்களிடம் சொன்னார். தம் முதல் பெண் குழந்தையை இதே நோயில் இழந்தாராம். அன்றும் சிலர் தண்ணீர் கொடுக்காதே என்றார்களாம், அவரும் கொடுக்கவில்லையாம்.

வயிற்றுப்போக்கில் குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் உடலின் நீரும் உப்பும் வற்றிப்போவதே. குடலில் சர்க்கரையும் உப்பும் சேர்ந்திருந்தால் அவை உள்ளே உறிஞ்சப்படும். நீரும் உடன் செல்லும். 1971இல் வங்க அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் குடிக்கச் செய்தே பலரைக் காப்பாற்றினார். 1980களில் டாக்காவில் ஆய்வாளர்கள் குளுக்கோசுக்குப் பதில் அரிசிமாவைச் சேர்த்துப் பார்த்தனர். காலரா நோயாளிகளுக்குப் போக்கின் அளவே குறைந்தது. கஞ்சியின் மாவு குடலில் சிறிது சிறிதாகச் சர்க்கரையாக மாறுவதே இதன் காரணம்.

ஒரு லிட்டர் கஞ்சிக்குத் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி, அதாவது 3 கிராம், பொடியுப்புப் போதும். கண்ணீரைவிட அதிகம் கரிக்கக் கூடாது. ஒவ்வொரு முறை போனபின்னும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, பெரிய குழந்தைகளுக்கு 100 முதல் 200 மில்லி கொடுக்கலாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் கழித்து மெதுவாகத் தொடர வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குக் கஞ்சி கூடாது. தாய்ப்பாலும் மருத்துவர் சொல்வதுமே போதும்.

கஞ்சி முதலுதவியே. உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தில் பொட்டாசியமும் உண்டு. அது கிடைத்தவுடன் அதையே கொடுக்க வேண்டும். துத்தநாக மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெறலாம். கண்கள் குழிவிழுதல், சிறுநீர் இறங்காமை, மலத்தில் இரத்தம், குடிக்க முடியாத சோர்வு ஆகியவை தோன்றினால் ஒரு நொடியும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கஞ்சியை அவ்வப்போது புதிதாகவே வடிக்க வேண்டும். வெயில் காலத்தில் சில மணி நேரத்திலேயே அதில் கிருமி பெருகிவிடும்.

அன்புத் தோழியரே! தலைமுடிக்குக் கழுநீர் நல்லதா என்று கேட்பவர்கள் நம்மில் பலர். தேய்த்து அலசினால் பளபளக்கலாம். அதற்குமேல் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் உப்பிட்ட கஞ்சி ஒரு குழந்தையை மருத்துவமனை வாசல் வரை கொண்டு சேர்க்கும் என்பது உறுதி. இதை வீட்டிலும் தெருவிலும் எடுத்துச் சொல்லுங்கள். என் அம்மாச்சிக்கு அன்று சொல்வார் யாரும் இருக்கவில்லை.

— மனையியல் பிரிவு மாணவி, பன்னிரண்டாம் வகுப்பு