ஆழித்தேருக்குத் தயாராகும் திருவாரூர்

பங்குனி பிறந்துவிட்டால் திருவாரூரில் வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான்... ''தேர் என்னைக்கு?'' வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் லீவு சொல்ல வேண்டுமே!

மூங்கிலும் துணியும் கட்டி அலங்கரித்து முடித்தால், தியாகராஜர் கோயில் ஆழித்தேரின் உயரம் 96 அடி. எடை சுமார் 300 டன். 1948-ல் நின்றுபோன தேரோட்டம், 1970-ல்தான் மறுபடி நடந்தது. வடம் பிடித்து இழுக்க ஆயிரக்கணக்கானோர் வருவார்கள். தேரைத் திருப்புவது என்னவோ ஒரு சிலர்தான். சக்கரத்தை ஒட்டியே நடந்து, முட்டுக்கட்டை போட்டுத் தேரின் போக்கை மாற்றுகிறவர்கள் அவர்கள். திருச்சி 'பெல்' நிறுவனத்தின் இரும்புச் சக்கரம், ஹைட்ராலிக் பிரேக் எல்லாம் வந்த பிறகும், வீதி முனையில் கட்டைக்குத்தான் மவுசு. கை ஒரு நொடி பிந்தினாலும் ஆபத்து. வடம் பிடிப்பவர்கள் படத்தில் விழுவதுபோல இவர்கள் விழுவதில்லை.

பக்கத்துத் தஞ்சாவூர் மாவட்டம் களிமேட்டில், 2022-ல் தேர் மின்கம்பியில் உரசி 11 பேர் உயிரிழந்ததை யாரும் மறக்கவில்லை. தேர் ஓடும்போது வீதிகளில் மின்சாரம் இருக்காது. இட்லிக்கு முதல் நாளே மாவாட்டி வைத்துவிடுங்கள். குழந்தைகளோடு வருகிறவர்கள் சக்கரத்துப் பக்கமும், தேர் திரும்பும் முனையிலும் நிற்க வேண்டாம். கீழவீதியில் புறப்படும் தேர், நான்கு வீதியும் சுற்றி அங்கேயே நிலைக்கு வரும். அவசரமில்லாமல் பார்க்கலாம்.