தடைக் கோட்பாடும் மருத்துவமனை இயக்கமும்

தடைக் கோட்பாடு என்பது ஓர் அமைப்பு மொத்தமாகச் செய்து முடிக்கும் பணியின் அளவை அதன் மிகக் குறைந்த திறன் கொண்ட உறுப்பே தீர்மானிக்கிறது எனக் கூறும் மேலாண்மைக் கோட்பாடு ஆகும். இசுரேலிய இயற்பியலாளர் எலியாகு கோல்ட்ராட் (1947–2011), ஜெஃப் காக்சுடன் இணைந்து 1984-இல் வெளியிட்ட 'தி கோல்' என்னும் புதினத்தின் வழியே இது பரவலாக அறியப்பட்டது. தொழிற்சாலைகளுக்காக உருவான இக்கோட்பாடு பின்னர் மருத்துவமனைகளிலும் பயன்படுத்தப்பட்டது.

அடிப்படைக் கருத்து

கள்ளக்குறிச்சி வட்டாரத்தினருக்கு இதனை விளக்கச் சர்க்கரை ஆலையே போதும். ஆலையின் அரவைத் திறன் நாளொன்றுக்கு இவ்வளவு டன் என வரையறுக்கப்பட்டது. எல்லா உழவர்களும் ஒரே வாரத்தில் கரும்பை வெட்டி அனுப்பினால் அரவை கூடாது. வாயிலில் வண்டிகள் நிற்கும், வெட்டிய கரும்பு காய்ந்து சர்க்கரைச் சத்து குறையும். எனவேதான் ஆலை, அரவைக்கு ஏற்ப முறைவைத்து வெட்டு உத்தரவு வழங்குகிறது. அதே வேளையில் அரவை இயந்திரம் கரும்பின்றி நிற்காதபடி வாயிலில் சிறிதளவு இருப்பும் வைத்திருக்கும். கோல்ட்ராட் 'முரசு, இருப்பு, கயிறு' என உருவகித்தது ஏறத்தாழ இதுவே. அரவை இயந்திரம் முரசு. வாயிலில் நிற்கும் கரும்பு இருப்பு. வெட்டு உத்தரவு கயிறு.

மருத்துவமனையிலும் இவ்வாறே. மருத்துவர் ஒருவரே இருக்கையில் அனுமதிச் சீட்டு வழங்கும் முகப்புகளைக் கூட்டினால், முகப்பில் இருந்த வரிசை மருத்துவரின் அறை வாசலுக்கு இடம்பெயரும், அவ்வளவே. படுக்கை பற்றாக்குறை எனக் கருதப்படுவது, பல வேளைகளில் ஆய்வக முடிவுக்கோ விடுவிப்புக் குறிப்புக்கோ காத்திருக்கும் நோயாளிகளால் படுக்கைகள் நிரம்பியிருப்பதாகவும் இருக்கலாம்.

இக்கோட்பாடு ஐந்து படிகளை வகுக்கிறது. தடையைக் கண்டறிதல், அதனை வீணாக்காது முழுமையாகப் பயன்படுத்தல், ஏனைய பணிகளை அதற்கு இசைய அமைத்தல், அப்போதும் போதாவிடில் அதன் திறனை உயர்த்தல், தடை வேறிடத்துக்கு நகர்ந்ததும் மீண்டும் முதலில் இருந்து தொடங்கல் என்பன அவை. நான்காம் படியில் மட்டுமே பெருஞ்செலவு தேவைப்படும். நடைமுறையிலோ பெரும்பாலோர் நேராக நான்காம் படிக்கே செல்கின்றனர்.

அரவிந்த் கண் மருத்துவமனை

தமிழ்நாட்டில் இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை ஆகும். மருத்துவர் கோ. வெங்கடசாமி (1918–2006) அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற பின் 1976-இல் 11 படுக்கைகளுடன் இதனைத் தொடங்கினார். கோல்ட்ராட்டின் நூலுக்கு எட்டு ஆண்டுகள் முற்பட்டது என்பதால், அரவிந்த் இக்கோட்பாட்டைப் பின்பற்றியது என்று கூற இயலாது. அதன் நடைமுறை இக்கோட்பாட்டுடன் பொருந்துகிறது என்பதே சரி.

கண்புரை அறுவையில் அரிதான வளம் அறுவை மருத்துவரின் நேரம். அறுவைக்கு 10 நிமிடமும், நோயாளியை மாற்றி அடுத்தவரை ஆயத்தம் செய்ய 10 நிமிடமும் ஆவதாகக் கொள்வோம். ஒரே மேசை எனில் மணிக்கு 3 அறுவைகள் நடைபெறும். பாதி நேரம் மருத்துவர் சும்மா இருப்பார். அருகில் இரண்டாவது மேசையை இட்டு, அங்கே செவிலியர் அடுத்த நோயாளியை ஆயத்தமாக வைத்தால் மணிக்கு 6 நடைபெறும். கூடுதல் மருத்துவர் தேவையில்லை. அரவிந்தில் நடப்பது இதுவே. நுண்ணோக்கி ஒரு மேசையில் இருந்து மறு மேசைக்குத் திருப்பப்படுகிறது. பார்வை அளவிடல், கண் அழுத்தம் பார்த்தல், அறிவுரை வழங்கல் போன்றவற்றை ஊர்ப்புறப் பெண்களைத் தேர்ந்து பயிற்றிய கண் பராமரிப்புப் பணியாளர் மேற்கொள்கின்றனர்.

தடை இடம்பெயர்வதையும் இங்கே காணலாம். அறுவையின் வேகம் கூடியபின் இறக்குமதி செய்யப்பட்ட உள்விழி வில்லையின் விலை தடையாயிற்று. 1992-இல் தொடங்கப்பட்ட ஆரோலேப் அதனை உள்நாட்டிலேயே மலிவாகச் செய்தது. அடுத்து, நோயாளிகள் மருத்துவமனைக்கு வாராமை. சிகிச்சை இலவசம் எனினும் பயணச் செலவும் துணைக்கு வருபவரின் ஒருநாள் கூலியும் அவர்களைத் தடுத்தன. ஊர்களில் முகாம் நடத்தி, அங்கிருந்தே வாகனத்தில் அழைத்து வருவது அதற்கான விடை.

வரம்புகள்

கண்புரை அறுவையை முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யலாம். அவசரப் பிரிவு அவ்வாறானதன்று. வருகை ஒழுங்கற்று இருக்கும்போது தடையை முழு நேரமும் பயன்படுத்த முயல்வது தீங்காகும். வரிசைக் கோட்பாட்டின் எளிய மாதிரியில், ஒரு மருத்துவர் 80% நேரம் பணியில் இருந்தால் சராசரிக் காத்திருப்பு ஒரு நோயாளியைப் பார்க்கும் நேரத்தைப் போல் 4 மடங்கு. 90% எனில் 9 மடங்கு. 95% எனில் 19 மடங்கு. சும்மா இருப்பதுபோல் தோன்றும் அந்த ஐந்தில் ஒரு பங்கு நேரம் வீணன்று.

2024 சூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைச் சிதைக்கும். எதிர்மருந்தும் குருதிச் சுத்திகரிப்பும் விரைவில் தேவை. ஒருவருக்குச் சுத்திகரிப்பு முடியப் பல மணி நேரம் ஆகும். ஒரே நேரத்தில் பலர் வரின் எந்தவொரு மாவட்ட மருத்துவமனைக்கும் கருவிகளே தடையாகும். அப்போது நோயாளிகள் கள்ளக்குறிச்சியுடன் சேலம், விழுப்புரம், புதுச்சேரி சிப்மர் மருத்துவமனைகளிலும் பிரித்துச் சேர்க்கப்பட்டனர். ஆயினும் நஞ்சு அருந்தியவர் வீட்டிலேயே கழித்த மணிநேரங்களை மருத்துவமனையின் எந்த மாற்றமும் மீட்டுத் தராது.

கல்வராயன் மலை

கல்வராயன் மலையின் சிற்றூர்களுக்குத் தடை பெரும்பாலும் மருத்துவமனைக் கட்டடத்துக்கு வெளியே உள்ளது. சாலை எட்டாத இடங்களில் நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கிவர வேண்டியுள்ளது. இத்தகைய நிலையில் அடிவாரத்தில் எத்தனை படுக்கைகளைக் கூட்டினும் மகப்பேற்றுக்குக் காலம் நெருங்கிய பெண்ணுக்குப் பயன் சிறிதே. தமிழ்நாட்டின் மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் அமைக்கப்பட்ட பிரசவ காத்திருப்பு அறைகள் இங்கே குறிப்பிடத்தக்கவை. வலி தொடங்கும் முன்னரே, குறித்த நாளுக்குச் சில நாட்கள் இருக்கும்போது, கருவுற்ற பெண் துணையுடன் வந்து அங்கே தங்குகிறார். ஆலை வாயிலில் கரும்பு இருப்பு வைப்பதன் தலைகீழ் வடிவம் இது. இங்கே காக்கப்படுவது இயந்திரத்தின் நேரமன்று, தாயின் நேரம்.