கியர் மாறும்போது கார் உதைக்கிறதா? கியர்பாக்ஸை இறக்கும் முன் இதைப் பாருங்கள்!

போர்வெல்லில் தண்ணீர் குறைந்தால், எடுத்த எடுப்பில் யாரும் மோட்டாரைத் தூக்குவதில்லை. வோல்டேஜ், ஸ்டார்ட்டர், கெபாசிட்டர், பைப்பில் கசிவு என்று எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் மோட்டாரை மேலே எடுப்பார்கள். ஆட்டோமேட்டிக் கியர் உள்ள பழைய டீசல் கார் என்றால் மட்டும் இந்த நிதானம் பலருக்கும் வருவதில்லை.

கிளட்ச் மிதிக்க வேண்டாம், முட்டிவலி உள்ள பெரியவர்களும் ஓட்டலாம் என்று இத்தகைய கார்களைப் பழைய விலைக்கு வாங்குகிறார்கள். சில மாதங்களில், ஒவ்வொரு கியர் மாறும்போதும் யாரோ பின்னால் முட்டியதுபோல வண்டி உதைக்கும். ‘கியர்பாக்ஸ் போச்சு, இறக்கணும்’ என்று சொல்லிவிட்டால், ஒரு போகத்து வருமானமே அதில் போய்விடலாம். ஆனால், உதைக்கிற கியர்பாக்ஸ் எல்லாம் கெட்டுப்போன கியர்பாக்ஸ் அல்ல.

உதை எங்கிருந்து வருகிறது?

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தகடுகளை ஆயில் அழுத்தம்தான் பிடிக்கிறது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் மெதுவாகப் பிடிக்க வேண்டும். அழுத்தி மிதித்தால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். என்ஜின் எவ்வளவு பாரம் இழுக்கிறது என்ற தகவல், ஹோஸ், கேபிள் அல்லது சென்சார் வழியாகக் கியர்பாக்ஸுக்குப் போகிறது. அந்த வழியில் கோளாறு என்றால், லேசாக மிதித்தாலும் முழு அழுத்தத்தில் பிடிக்கும். அதுதான் உதை.

ரேஸ் ஏறியும் வண்டி நகரவில்லை என்றால் விஷயம் வேறு. அது தகடு வழுக்குவதன் அறிகுறி. அப்படி இருந்தால் வண்டியைத் தொடர்ந்து ஓட்டக் கூடாது.

முதலில் ஆயில்

பெரும்பாலான வண்டிகளில், சமதளத்தில் நிறுத்தி, ஆயில் சூடான பிறகு, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘பி’ நிலையில் வைத்துக் கேஜை எடுத்துப் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் முறை மாறும். கேஜே இல்லாத வண்டிகளும் உண்டு. அந்தந்த வண்டியின் கையேட்டைப் பார்ப்பதே சரி. அளவு குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். கூடினால் ஆயில் நுரைத்து அழுத்தம் தடுமாறும்.

நிறமும் வாசனையும் நிறையச் சொல்லும். பெரும்பாலான ஆயில் புதிதில் தெளிந்த சிவப்பாக இருக்கும். கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் தகடுகள் சூடேறியிருக்கின்றன. பால் கலந்ததுபோல வெளிறியிருந்தால், ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த நிலையில் வண்டியை எடுக்கவே கூடாது.

ஆயில் மாற்றும்போது கையேட்டில் சொன்ன ரகத்தையே ஊற்ற வேண்டும். அடியில் உள்ள ஆயில் சேம்பரைக் கழற்றினால் காந்தத்தையும் பாருங்கள். மாவுபோன்ற சாம்பல்நிறப் பசை கொஞ்சம் இருப்பது இயல்பு. இரும்புத் துண்டு, செதில் இருந்தால்தான் கவலை.

கியர்பாக்ஸுக்கு வெளியே

நிற்கும் வண்டியில் ‘என்’னிலிருந்து ‘டி’க்கோ ‘ஆர்’க்கோ போடும்போது மட்டும் ‘டொக்’கென்று அடித்தால், ஐடிலிங் கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள். என்ஜின், கியர்பாக்ஸ் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்தாலும், புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ் தேய்ந்திருந்தாலும் இதே அடிதான் வரும். இவையெல்லாம் கியர்பாக்ஸைத் தொடாமலே சரிசெய்யக்கூடியவை.

ஒரு சின்ன ஹோஸ் செய்யும் வேலை

1980-களில் வந்த மெர்சிடிஸ் 300டி டீசல் கார் இதற்கு நல்ல உதாரணம். பெட்ரோல் என்ஜினில் காற்று உள்ளே போகும் குழாயிலேயே வேக்குவம் கிடைத்துவிடும். டீசலில் அது கிடைக்காது என்பதால் தனியாக வேக்குவம் பம்ப் வைத்தார்கள். பாரத்துக்கு ஏற்ப அந்த வேக்குவத்தைக் கூட்டிக் குறைத்து, மெல்லிய குழாய் வழியாகக் கியர்பாக்ஸில் உள்ள மாடுலேட்டருக்கு அனுப்புகிறது ஒரு வால்வு. வேக்குவம் போய்ச் சேராவிட்டால், ‘முழு பாரம்’ என்று நினைத்துக் கியர் உதைக்கும்.

அதே பம்ப்தான் பிரேக் பூஸ்டருக்கும், கதவுப் பூட்டுகளுக்கும், என்ஜினை நிறுத்துவதற்கும் வேக்குவம் தருகிறது. அதனால், கதவுப் பூட்டில் உள்ள கசிவுகூடக் கியரை உதைக்க வைக்கலாம்! சாவியைத் திருப்பிய பிறகும் என்ஜின் உடனே நிற்காமல் ஓடினால், வேக்குவம் கசிகிறது என்று சந்தேகப்படலாம். பிரேக் பெடல் கல்லுபோல இறுகினால், கியரை விடுங்கள், முதலில் பிரேக்கைப் பாருங்கள்.

மாடுலேட்டர் ஹோஸைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஆயில் இருக்கக் கூடாது. இருந்தால் மாடுலேட்டருக்குள் உள்ள ரப்பர் சவ்வு கிழிந்துவிட்டது என்று அர்த்தம். வெடித்த ஹோஸும் இற்றுப்போன ரப்பர் இணைப்பும் மாற்றக்கூடிய சின்னப் பொருள்கள்தான்.

பிற்காலத்து வண்டிகளில் இந்த வேலையைக் கம்ப்யூட்டரும் சோலனாய்டுகளும் செய்கின்றன. அங்கே ஸ்கேனர் போட்டுக் கோளாறு எண்ணைப் படிக்காமல் ஸ்பேனரை எடுக்கக் கூடாது. பேட்டரி வலுவிழந்தாலும், வயர் சாக்கெட்டில் ஆயில் இறங்கினாலும் கியர் தடுமாறும். கோளாறு தெரிந்ததும் ஒரே கியரில் நின்றுகொள்ளும் வண்டிகளும் உண்டு.

மெக்கானிக்கிடம் போகும் முன்

குளிர்ந்த நிலையில் உதைக்கிறதா, சூடான பிறகா? எந்தக் கியரிலிருந்து எந்தக் கியருக்கு? லேசாக மிதிக்கும்போதா, அழுத்தும்போதா? இரண்டு நாள் ஓட்டி, இந்த மூன்றையும் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பாதி வேலை முடிந்துவிடும்.

ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ‘ஏ.எம்.டி’ என்று வரும் வண்டிகள் வேறு வகை. அவை சாதாரண கியர்பாக்ஸிலேயே கிளட்சையும் கியரையும் இயந்திரம் இயக்குபவை. மேலே சொன்ன ஆயில், வேக்குவம் சோதனைகள் அவற்றுக்குப் பொருந்தாது.

பழைய ஆட்டோமேட்டிக் டீசல் கார் வாங்கப் போகிறவர்கள், என்ஜின் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் போய்ப் பார்ப்பது நல்லது. விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், ஆறும்வரை காத்திருந்து ஓட்டிப் பாருங்கள். பிறகு அரைமணி நேரம் ஓட்டி, சூட்டிலும் பாருங்கள். இரண்டு நிலையிலும் கியர் அலுங்காமல் மாறினால் மட்டுமே விலை பேசுங்கள்.