சுவரில் ஓதம்: சாயம் அடிக்கும் முன் காரணத்தைக் கண்டறிவோம்

தீபாவளிக்குப் புதிதாகச் சாயம் அடித்த சுவர், சில மாதங்களிலேயே உப்பி உதிர்கிறதா? பழைய தாமான் வீடுகளிலும் தோட்டத்து வீடுகளிலும் இது அடிக்கடி காணும் தொல்லை. சுவருக்குள் தண்ணீர் வரும் வழியை அடைக்காதவரை, எவ்வளவு விலை உயர்ந்த சாயமும் நிற்காது. ஈரம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

தரையிலிருந்து சுமார் 3 அடி உயரம் வரை ஈரமும் வெள்ளை உப்புப் பொடியும் இருந்தால், நிலத்து ஈரம் மேலே ஏறுகிறது எனலாம். பழைய வீடுகள் பலவற்றில் இதைத் தடுக்கும் அடுக்கு அடிச்சுவரில் இருக்காது, இருந்தாலும் கெட்டுப்போயிருக்கும். வெளியே குவிந்த மண்ணும், பின்னாளில் போட்ட சிமெண்டுத் தரையும் ஈரத்தை உள்ளே தள்ளும். வெளித்தரை, வீட்டுத் தரையைவிட 6 அங்குலமாவது தாழ்ந்திருப்பது நல்லது. கால்வாய் அடைப்பையும் நீக்குங்கள்.

மழைக்குப் பிறகு சுவரின் மேற்பகுதியில் கறை பெரிதானால், கூரையையும் சுவர் வெடிப்புகளையும் பாருங்கள்.

வெயில் நாளிலும் ஒரே இடம் ஈரமாக இருந்தால் குழாய்க் கசிவாக இருக்கலாம். தொட்டி நிரம்பியபின் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, தண்ணீர் மீட்டரைக் கவனியுங்கள். அது ஓடினால் எங்கோ கசிகிறது. கழிவுநீர்க் குழாயின் கசிவை மட்டும் மீட்டர் காட்டாது. வரிசை வீடு என்றால் பக்கத்து வீட்டுக் குளியலறையும் காரணமாகலாம். அண்டை வீட்டாரிடம் பக்குவமாகப் பேசிப் பாருங்கள்.

அலமாரிக்குப் பின்னால் மட்டும் கரும்புள்ளிகள் தெரிந்தால், காற்றோட்டக் குறைவே பெரும்பாலும் காரணம். அலமாரியைச் சில அங்குலம் தள்ளி வைத்து, சன்னலைத் திறந்து விடுங்கள்.

சந்தேகமிருந்தால் ஓர் எளிய சோதனை செய்யலாம். சமையலுக்குப் பயன்படும் அலுமினியத் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரத்தையும் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துத் தாளின் பின்புறம் நனைந்திருந்தால் ஈரம் சுவரில் உள்ளது. முன்புறம் நனைந்திருந்தால் அறைக் காற்றில் உள்ளது.

போருக்கு முந்தைய செங்கல் வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சே அதிகம். அது ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, செங்கல்லை அரிக்கும். அங்கே மீண்டும் சுண்ணாம்பையே பூசுங்கள்.

பூஞ்சை, ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் கெடுதல். கையுறையும் முகக்கவசமும் அணிந்து துடையுங்கள். குளோராக்ஸ் போன்ற வெளுப்பு நீரை வினிகருடனோ மற்றக் கழுவு திரவங்களுடனோ கலக்காதீர்கள். நச்சு வாயு உண்டாகும். மின்செருகி அருகே ஈரம் இருந்தால் தொடாமல், மெயின் சுவிட்சை அடைத்து வயர்மேனை அழையுங்கள்.

காரணத்தைச் சரிசெய்த பிறகும் 9 அங்குலச் சுவர் முழுமையாக உலரப் பல மாதங்கள் ஆகலாம். அதுவரை சாய டப்பாவைத் திறக்க வேண்டாம். குத்தகையாளர் விலை சொல்லும் முன், “தண்ணீர் எங்கிருந்து வருகிறது?” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.