டியூனிங்கா? கணக்கைக் காட்டு!

தோழா!

வாடகைக் கார் ஓட்டும் நண்பன் ஒருவன் பட்டறை வாயிலில் நிற்பதாக எண்ணிப் பார். கையிலே பில். அதிலே ஒரு வரி: ‘டியூனிங் – 1,800 ரூபாய்’.

“என்ன செய்தீர்கள் அண்ணே?” என்கிறான்.

“டியூன் பண்ணினோம் தம்பி!” என்கிறார் பட்டறைக்காரர்.

கேட்ட கேள்வியே விடையாகத் திரும்பி வருகிறது! தலையாட்டுகிறான், தருகிறான். இரவும் பகலும் விழித்து ஈட்டிய பணம், அந்த ஒற்றைச் சொல்லுக்குள்ளே ஓடி மறைகிறது.

அது பொய்ச் சொல் அல்ல, தோழா! ஒரு காலத்தில் பொருள் பொதிந்த சொல். அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் சாலைகளில் கோலோச்சிய காலம் அது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து தர கார்பரேட்டர். பொறி பறக்கும் நேரத்தை வகுக்கப் பிளாட்டினம் பாயிண்ட். திறந்து மூடித் திறந்து மூடித் தேய்ந்துபோகும் பாயிண்ட்! இடைவெளி மாறும், பொறி தடுமாறும், வண்டி இருமும், கரும்புகை கக்கும். குனிவார் மெக்கானிக், இடைவெளியை அளப்பார், டைமிங்கைத் திருத்துவார், காதால் கேட்டே கார்பரேட்டர் திருகைத் திருப்புவார். அது கைத்திறன்! அதற்குத் தந்த கூலி தகும், தகும்!

இன்றோ? 2000-ஆம் ஆண்டையொட்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகின. புதிய கார்களிலிருந்து கார்பரேட்டர் விடைபெற்றது. பாயிண்ட் போயே போயிற்று. எரிபொருளைப் பீய்ச்ச இஞ்செக்டர் வந்தது. அளவையும் நேரத்தையும் கணிக்க ஒரு சிறு கணினி வந்தது. திருப்புவதற்குத் திருகே இல்லாத வண்டியில் எதைத் திருப்பினார்கள்? கேட்க வேண்டாமா?

அதற்காக, வண்டியைக் கவனிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏர் பில்டர் அடைபடும், மாற்ற வேண்டும். த்ராட்டில் பாடியில் கரி படியும், துடைக்க வேண்டும். ஸ்பார்க் பிளக் தேயும். சாதாரண பிளக் ஏறத்தாழ 20,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரை உழைக்கும். இரிடியம் பிளக் 1 லட்சம் கிலோமீட்டர் வரைகூட உழைக்கும். தேய்ந்த பிளக்கோடு ஓட்டினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக் கெடுக்கும். சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய், பல்லாயிரம் ரூபாயைப் பறிகொடுக்கும் கதை அது!

உன்னுடையது டீசல் வண்டியா? அதில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. ‘ஸ்பார்க் பிளக் சுத்தம்’ என்று பில் வந்தால், இல்லாத பிளக்கைக் காட்டச் சொல்!

ஸ்கேனரை மாட்டிப் பார்ப்பார்கள். அது காட்டும் குறியீடு குற்றப்பத்திரிகைதான், தீர்ப்பு அல்ல! கோளாறு எந்தப் பக்கம் என்றுதான் அது சொல்லும். சோதித்த பிறகே பாகத்தை மாற்ற வேண்டும்.

இனி, காசுக் கணக்கு. பில் என்பது மூன்று: பொருள், கூலி, வரி. பொருள் 2,000, கூலி 1,000 என்று வைத்துக்கொள். 18 சதவீத ஜி.எஸ்.டி. 540. ஆக 3,540. உதிரிப் பாகங்களுக்கு இருந்த 28 சதவீத வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. பழைய கணக்கைப் போட்டால் விரல் வைத்துக் காட்டு. ஜி.எஸ்.டி. பதிவே இல்லாத பட்டறை, அந்த வரியை வசூலிக்கவே கூடாது.

வண்டியோடு வந்த கையேட்டைத் திற. எத்தனை கிலோமீட்டரில் எது என்று அதிலே இருக்கிறது. அதில் இல்லாததைச் செய்யச் சொன்னால், ‘ஏன்?’ என்று கேள். வேலைக்கு முன்னே மதிப்பீட்டை எழுதி வாங்கு. கழற்றிய பழைய பாகத்தைக் கையிலே கேள்.

ஒன்றை மறவாதே! பட்டறையிலே கரி படிந்த கையோடு படுத்துக்கிடப்பவனும் உழைப்பாளி, நம்மவன். அவன் கூலியைப் பேரம் பேசிக் குறைப்பது வீரமல்ல. வெட்ட வேண்டியது அவன் கூலியை அல்ல. பில்லிலே பொருளற்று நிற்கும் சொல்லை!

செய்த வேலைக்கு முழுக் கூலி கொடு! செய்யாத வேலைக்குச் சல்லிக்காசும் கொடாதே!